புதுப்பிப்பு: நீர்நாய்க் கூண்டில் மீன் மட்டும் காணாமல் போவது
முன்பு கேட்டிருந்தது: நீர்நாயை உயிரோடு பிடிக்க வைத்த கூண்டில் இரையான உயிர்மீன் மறைகிறது, கதவு விழவில்லை, ஏன்? கோளாறு மீன் தொட்டி இருந்த இடத்தில். கம்பியை ஒட்டி வைத்தால் நீர்நாய் வெளியிலிருந்தே முன்காலை விட்டு இழுத்துவிடும். துளையிட்ட, மூடியுள்ள தொட்டியை மிதிபலகைக்கு (விலங்கு மிதித்தால் கதவை விழச்செய்யும் பலகை) பின்னால், பக்கக் கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள்.

கூண்டு ஒன்றரை மீட்டராவது நீளம் வேண்டும். குட்டையானால் வால் உள்ளே வருமுன் கதவு விழும், வாலில் தட்டி நிற்கும், விலங்கு பின்வாங்கிப் போய்விடும். வலைக்கண் 2.5 செ.மீ. போதும், பெரிதானால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

நீர்நாய் எச்சமிடும் கரைப்பாதையே கூண்டு வைக்கச் சரியான இடம். பாதி நீரில் இறக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: நீர்மட்டம் ஏறினால் மாட்டியது மூழ்கிச் சாகும். வனத்துறையின் எழுத்து அனுமதி கைக்கு வரும்வரை கதவைக் கட்டியே வையுங்கள்.