புதுப்பிப்பு: சந்தைப் பையின்ர கைபிடி இழுபடுதா?

முதல் பதிவில சொன்ன குரோஷே பைக்கு (கொக்கி ஊசியால பின்னினது; பருத்தி நூல், 4 மி.மீ. ஊசி) மரக்கறி நிரப்பினால் கைபிடி நீண்டுபோகுது எண்டு கேட்டிருந்தீங்கள். நூலில பிழையில்லை, ஒற்றைக் குரோஷே (கைபிடி பின்னின சாதாரணக் குட்டைத் தையல்) பாரத்துக்கு இழுபடத்தான் செய்யும். இரண்டு ஓரத்திலும் ஸ்லிப் தையல் (நூலை வளையத்துக்குள்ளால நேரே இழுத்துப் போடுற தட்டைத் தையல்) ஒரு வரி இறுக்கிப் போட்டால் ஓரளவு நிற்கும். அதைவிட, உள்பக்கம் 2.5 செ.மீ. பருத்தி நாடா வைச்சுத் தைக்கிறதுதான் உறுதி. நாடாவைப் பை வாயோட நிறுத்தாமல் அடிவரை கொண்டுபோங்கோ, தேங்காய்ப் பாரம் கண்ணிகளில (பின்னல் வளையங்களில) விழாது. நாடாவை முதலே நனைச்சுக் காயவிடுங்கோ, இல்லாட்டி முதல் கழுவலிலயே சுருங்கிக் கைபிடி சுருளும்.

பையின்ர அடிக்கு இரட்டை நூல் (இரண்டு நூலை ஒண்டாப் பிடிச்சு), 5 மி.மீ. ஊசி. கை நோகும், ஆனால் சின்ன வெங்காயமும் நழுவாது. ஒற்றை நூலுக்கு மாறுற வரியில ஆறு கண்ணிக்கு ஒண்டு கூட்டுங்கோ. கூட்டாட்டிப் பை மேல்பக்கம் ஒடுங்கும்.