‘பி’யை விட்டு அசையாத கியர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வாகன நிறுத்தத்தின் வாசலில் சீட்டைக் கொடுக்க இறங்கிய சித்தப்பா, திரும்பி வந்து உட்கார்ந்தால் அவருடைய ஆட்டோமேட்டிக் காரின் கியர் ‘பி’யை (பார்க்கிங்) விட்டு நகரவில்லை. எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. பின்னால் ஹாரன் காதைப் பிளக்கிறது. “பலமாக இழுங்கள் சார்” என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். பிரேக்கை மிதித்தால் மட்டுமே கியரை ‘பி’யிலிருந்து விடும் பூட்டு ஒன்று உள்ளே உண்டு. இழுத்தால் அது திறக்காது, லிவர்தான் உடையும்.

சித்தப்பாவைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். பிரேக் விளக்கு எரியவில்லை. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. பிரேக் மிதிக்கு மேலே சிறிய சுவிட்ச் ஒன்று உண்டு. விளக்கை எரிய வைப்பதும் அதுதான், கால் பிரேக்கில் இருக்கிறது என்று கியர் பூட்டுக்குத் தகவல் சொல்வதும் பெரும்பாலும் அதுதான். அது போனால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினை அணைத்துச் சாவியை ‘ஆன்’ நிலையில் விட்டோம். கியர் லிவரின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. அதை நெம்பினால் உள்ளே குறுகலான துளை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் பிரேக்கை மிதித்தபடியே லிவரை இழுத்தார். ‘டக்’ என்று கழன்று ‘என்’னுக்கு (நியூட்ரல்) வந்துவிட்டது. தள்ளி ஓரம் கட்டினோம். ஓட்டியே போய்விடலாம் என்றார் சித்தப்பா. பிரேக் விளக்கு இல்லாத காரிலா? நான் சம்மதிக்கவில்லை.

* * *

எல்லா வண்டியிலும் அந்த மூடி இருக்காது. என்னுடையதில் லிவர் வெறும் மின் சுவிட்ச்தான். பேட்டரி சுத்தமாக இறங்கியதும் கியரும் போயிற்று, மின்சார ஹேண்ட் பிரேக்கும் பிடித்தபடியே நின்றுவிட்டது. இன்னொரு காரிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுத்த பிறகுதான் இரண்டும் விட்டன. கையேட்டை ஒருமுறை புரட்டி வைத்துக்கொள்ளுங்கள். சில கார்களில் ‘பி’யைக் கையாலேயே விடுவிக்கும் இழுப்பு வார் கம்பளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

* * *

சரிவில் ஹேண்ட் பிரேக் போடாமல் ‘பி’யில் மட்டும் நிறுத்துகிறவர் எங்கள் அண்ணன். காரின் மொத்த எடையும் கியர்பெட்டிக்குள் இருக்கும் சின்னப் பல்லின் மேல் உட்கார்ந்துவிடும். பிறகு லிவர் எங்கே வரும்? இரண்டு பேர் மேட்டுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தோம், அண்ணன் பிரேக்கில் காலை வைத்தபடி இழுத்தார், வந்துவிட்டது. தள்ளுகிறவர்கள் சக்கரத்தின் பாதையில் நிற்க வேண்டாம்.

* * *

எனக்கு நடந்தது ஓடும் காரில். கழுவிக் கொடுத்தவர்கள் விரிப்பின் மேல் விரிப்பைப் போட்டிருந்தார்கள். அது ஆக்ஸிலேட்டரில் மாட்டிக்கொண்டது. பிரேக்கை விடாமல் அழுத்தியபடி லிவரை ‘என்’னுக்குத் தள்ளினேன். ‘டி’யிலிருந்து (டிரைவ்) ‘என்’னுக்குப் போகப் பெரும்பாலான கார்களில் பூட்டு குறுக்கே வராது. எஞ்சின் அலறியது, அலறட்டும், அளவுக்கு மேல் சுற்றாமல் அதுவே கட்டுப்படுத்திக்கொள்ளும். கார் நிற்கும்வரை சாவியைத் தொடவில்லை. ஓடும்போது அணைத்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்கும் கல்லாகிவிடும்.