போன பருவம் 9-3 எடுத்த அணி, இந்தப் பருவம் எத்தனை வெற்றி எதிர்பார்க்கலாம்?

நாலாவதுடவுன்:
அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து, எஃப்பிஎஸ் (மேல்மட்டப் பிரிவு) அணி. போன பருவம் 9-3 (ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி). ரசிகர் வட்டத்தில் எல்லாரும் பிளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்று) பேச்சுதான். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. விவரம் இது:

போட்ட புள்ளி 330, விட்ட புள்ளி 285. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டம் 6, அதில் 5 வெற்றி. நம் டிஃபென்ஸ் (தடுப்புப் பிரிவு) பிடித்த இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பாஸைப் பறிப்பது) 16, தட்டிவிட்ட பாஸ் 32. எதிரணிகள் 18 முறை பந்தை நழுவவிட்டன, 13 நம் கைக்கு வந்தது. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) போய்விட்டார், பதிலுக்குப் போர்ட்டலில் (கல்லூரி மாறும் வீரர்களுக்கான பதிவு முறை) ஒருவர் வந்திருக்கிறார். ஓ-லைனில் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐவர் வரிசை) சென்டர், லெஃப்ட் டாக்கிள், ரைட் கார்டு மூவரும் இல்லை. டிஃபென்ஸ் முன்வரிசை ஏழு பேரில் ஆறு பேர் திரும்புகிறார்கள்.

எதிலிருந்து கணக்கை ஆரம்பிப்பது?

கணக்குப்பிள்ளை:
9-3 என்பதை முதலில் மறந்துவிடுங்கள். புள்ளிக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். 330-ஐயும் 285-ஐயும் 2.37 அடுக்குக்கு உயர்த்தி, முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.586 வரும். 12 ஆட்டத்துக்கு 7 வெற்றி. மீதி இரண்டும் நெருக்கமான ஆட்டங்களில் கிடைத்த அதிர்ஷ்டம்.

அடுத்து டர்னோவர், அதாவது எதிரணியிடமிருந்து பந்து நம் கைக்கு மாறுவது. நழுவிய பந்து யார் கையில் சேரும் என்பது பாதிக்குப் பாதி. 18-க்கு 9 வரவேண்டிய இடத்தில் உங்களுக்கு 13. இன்டர்செப்ஷனையும் தட்டிவிட்டதையும் சேர்த்து 48. சாதாரணமாக அதில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் கையில் சிக்கும், அதாவது பத்துப் பன்னொன்று. உங்களுக்கு 16. ஆக ஒன்பது, பத்து டர்னோவர் அதிகப்படி. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து புள்ளி மதிப்பு போட்டால் 36-லிருந்து 50 வரை. உங்கள் மொத்த வித்தியாசமே 45! அதிர்ஷ்டத்தைக் கழித்தால் இது 6-6 அணி.

2022-ல் டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணி தேசிய இறுதிப்போட்டி வரை போனது. நெருக்கமான ஆட்டங்களை வரிசையாக வென்றுதான் போனார்கள். அடுத்த வருடம் 5-7.

ஓலைன்வெறியன்:
கணக்குப்பிள்ளை சொன்ன திசை சரி, ஆனால் முழுசாகக் கழிப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்டர்செப்ஷன் முழுக்க அதிர்ஷ்டம் கிடையாது. முன்வரிசை நெருக்கினால் குவார்ட்டர்பேக் அவசரப்பட்டு எறிவார், பந்து மிதக்கும். அந்த ஏழில் ஆறு பேர் திரும்புகிறார்கள் என்பதால் பாதியை விட்டுவையுங்கள்.

மறுபக்கமும் இதே கதைதான். நெப்ராஸ்கா 2021-ல் 3-9; ஒன்பது தோல்வியும் ஒன்பது புள்ளிக்குள். அடுத்த வருடம் அதிர்ஷ்டம் தானாகத் திரும்பும் என்றார்கள். 4-8தான் வந்தது. அணியில் உண்மையான ஓட்டை இருந்தால் சராசரி வந்து காப்பாற்றாது.

எனக்குக் கவலை ஓ-லைன். அதிலும் சென்டர். எதிரணியின் மைக் லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் தடுப்பாளர்) யார் என்று காட்டி, பாதுகாப்பு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று சொல்வது பெரும்பாலும் அவர் வேலை. சென்டரும் புதுசு, குவார்ட்டர்பேக்கும் புதுசு என்றால், ஏ-இடைவெளி (சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே) இரண்டிலும் லைன்பேக்கர்களைக் கொண்டுவந்து நிறுத்தினாலே குழப்பம்தான். அதில் ஒருவன் பின்வாங்கி, வேறு பக்கத்திலிருந்து ஒருவன் தடையில்லாமல் உள்ளே வருவான். வெளியூர் சத்தத்தில் இன்னும் மோசம்: கார்டு திரும்பிப் பார்த்து சென்டரைத் தட்டி, பிறகு ஸ்னாப் (சென்டர் பந்தைப் பின்னால் தருவது) வரும் சைலன்ட் கவுன்ட், அதாவது குரலில்லாத சைகை முறை. அது ஒத்துப்போகாதவரை ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஸ்னாப்புக்கு முன்பே அசையும் தவறு) குவியும்.

புதிதாக வந்த மூவருக்கும் எஃப்பிஎஸ் மட்டத்தில் எத்தனை ஸ்டார்ட் (தொடக்க அணியில் ஆடிய ஆட்டம்) இருக்கிறது, அதே இடத்திலா என்று பாருங்கள். ரைட் டாக்கிளாக ஆடியவரை லெஃப்டுக்கு மாற்றினால் காலசைவு முழுக்கக் கண்ணாடிப் பிம்பமாக மாற வேண்டும். வசந்தகாலப் பயிற்சி 15 நாள்தான். 2026-லிருந்து போர்ட்டலும் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே முறை. ஏப்ரலில் ஓட்டை தெரிந்தால் அடைக்க வழியில்லை.

புதுவரவை நம்பி ஏமாந்ததற்கு ஃப்ளோரிடா ஸ்டேட் போதும். 2023-ல் 13-1, 2024-ல் 2-10.

பயணஅட்டவணை:
ரெண்டு பேரும் அட்டவணையை விட்டுவிட்டீர்களே. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜெயிக்கும் வாய்ப்பை எழுதிக் கூட்டுங்கள். ‘இது வெற்றி, இது தோல்வி’ என்று டிக் அடித்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வெற்றி கூடுதலாகவே வரும். உதாரணத்துக்கு 95% ஆட்டம் 2, 75% ஆட்டம் 3, 50% ஆட்டம் 4, 25% ஆட்டம் 3 என்றால் 6.9 வெற்றி. சொந்த மைதானத்துக்கு இரண்டரைப் புள்ளி வரை சேர்க்கலாம். எதிரணி ஓய்வு வாரம் முடிந்து வருகிறதா என்றும் பாருங்கள்.

கான்ஃபரன்ஸ் (உங்கள் லீக் குழு) ஆட்டம் 8-ஆ, 9-ஆ? எஸ்இசி கான்ஃபரன்ஸ் 2026-ல் ஒன்பதுக்கு மாறியிருக்கிறது. 16 அணி என்றால் கூடுதலாக 8 ஆட்டம், அதாவது யாரோ எட்டுப் பேருக்கு ஒரு தோல்வி உறுதி. ஒன்பது என்றால் ஒரு வருடம் ஐந்து வெளியூரிலும் போகும்.

நாலாவதுடவுன்:
ஒன்பதுதான், ஐந்து வெளியூர். உங்கள் முறையில் போட்டேன், 6.7 வந்தது. முதல் ஆட்டம் ஒரு எஃப்சிஎஸ் (அடுத்த கீழ்ப் பிரிவு) அணியுடன். அதைப் பார்த்து ஏதாவது தெரியுமா?

ஓலைன்வெறியன்:
ஸ்கோரைப் பார்க்காதீர்கள். முதல் பாதி மட்டும் எடுத்து சக்சஸ் ரேட் எண்ணுங்கள்: முதல் டவுனில் (10 யார்டு நகர்த்தக் கிடைக்கும் நாலு முயற்சியில் முதலாவது) தேவையான யார்டில் பாதி, இரண்டாவதில் 70%, மூன்றிலும் நாலிலும் முழுசு கிடைத்தால் அந்த பிளே வெற்றி. எஃப்பிஎஸ் சராசரியே 40% பக்கம்; எஃப்சிஎஸ் அணியிடம் 50% தாண்டவில்லை என்றால் லைன் தயாராகவில்லை. ஷாட்கன் (குவார்ட்டர்பேக் சில யார்டு பின்னால் நிற்கும் அமைப்பு) ஸ்னாப் குவார்ட்டர்பேக்கின் மார்புக்கு வருகிறதா, முழங்காலுக்கா என்றும் கவனியுங்கள். குனிந்து எடுத்தால் ரிசீவரைப் பார்க்கும் நேரம் போச்சு.

கணக்குப்பிள்ளை:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆட்டத்தில் சாக் (பாஸ் எறியும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) இழப்பு ரன் கணக்கில் ஏறும். ரன் சராசரி சரிந்தால் ரன்னிங்பேக்கைத் திட்டுவதற்கு முன் சாக்கைத் தனியே பிரித்துப் பாருங்கள்.