சாலையோர மண்ணில் ஈயம்: மூஞ்சூறுகளுக்குப் பாதிப்பு உண்டா?

கேள்வி:
நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள எங்கள் தோப்பில் மூஞ்சூறுகளும் வயல் எலிகளும் நிறைய உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை இந்தியா முழுவதும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே நிறுத்தப்பட்டுவிட்ட நிலையில், சாலையோர உயிரினங்களுக்கு உலோக நஞ்சு சேர்வதைப் பற்றி இன்னும் கவலைப்பட வேண்டுமா? வேண்டுமென்றால், இவ்விரண்டில் எதற்குப் பாதிப்பு அதிகம்?

மறுமொழி 1:
கவலைப்படத்தான் வேண்டும். அன்று புகையோடு வந்து படிந்த ஈயம் மேல்மண்ணின் மட்கோடு இறுகப் பிணைந்துகொள்வதால், மழைநீரில் எளிதில் கீழிறங்காமல் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். மேலும், உலோகம் புகையில் மட்டுமே வருவதில்லை. டயர் தேயும்போது துத்தநாகமும் அதனோடு சிறிதளவு காட்மியமும், பிரேக் தேயும்போது செம்பும் ஆன்டிமனியும் உதிர்கின்றன. மின்சார வண்டிக்கும் டயர் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாலை விளிம்பில் மிகுந்திருக்கும் இந்தப் படிவு, சில பத்து மீட்டர் தொலைவுக்குள் வெகுவாகக் குறைந்துவிடும்.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்விக்கு என் பதில் மூஞ்சூறு என்பதே. இங்கிலாந்தின் சாலையோரங்களில் பிடித்த சிறு பாலூட்டிகளை ஆராய்ந்தபோது, புல்லும் விதையும் தின்னும் எலி வகைகளைவிட, மண்புழுவையும் வண்டையும் தின்னும் மூஞ்சூறு இனங்களின் உடலில்தான் ஈயம் மிகுதியாகக் காணப்பட்டது. மண்புழு மண்ணையே விழுங்கி வாழ்கிறது. காட்மியமோ அதன் உடலில் ஒரு புரதத்தோடு சேர்ந்து, சுற்றியுள்ள மண்ணில் இருப்பதைவிடச் செறிவாகத் தங்குகிறது. அத்தகைய புழுக்களை நாள்தோறும் வயிறு நிறையத் தின்னும் மூஞ்சூறின் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் காட்மியம் சேர்கிறது. ஈயம், கால்சியம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பில் படிவதோடு, குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீம் உருவாவதற்குத் தேவையான நொதியையும் முடக்குகிறது. இவை உள்ளுறுப்புகளில் மெல்ல நிகழ்பவை என்பதால், செத்துக் கிடக்கும் உடல்களைத் தேடிப் பாதிப்பை அளக்க முடியாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சாலையோர வடிகாலில் படியும் கரிய வண்டலை, நல்ல உரம் என்று கருதி ஆண்டுதோறும் அள்ளி மரத்தடியில் போடுகிறோம். அதைத் தொடரலாமா?

மறுமொழி 1:
தொடர வேண்டாம். மழை சாலையைக் கழுவிக் கொண்டுவரும் டயர்த் துகளும் பிரேக் துகளும் சேருமிடம் அந்த வடிகால்தான். விளிம்போடு நிற்க வேண்டியதை நீங்களே மண்புழு மிகுந்த மரத்தடிக்குக் கொண்டுசேர்க்கிறீர்கள். இதுவரை போட்ட இடத்து மேல்மண்ணை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்து, ஈயம், காட்மியம், துத்தநாகம் மூன்றையும் குறிப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். உரப் பரிந்துரைக்காகச் செய்யப்படும் வழக்கமான மண் பரிசோதனையில் ஈயமும் காட்மியமும் இடம்பெறுவதில்லை.