கேபினெட்டை வெட்டலாமா, வேண்டாமா? பஞ்சு பறக்கும் ஊரில் ஒரு கணினி
(இணைய மன்றத்தில் நடந்த பேச்சு. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

அவிநாசி சாலை:
திருப்பூரில் ஏற்றுமதி ஆடைகளுக்கு மாதிரி வடிவமைப்பது என் தொழில். துணி உடலில் எப்படி மடிந்து விழும் என்று முப்பரிமாணத்தில் கணக்கிட்டு, வாங்குகிறவர்களுக்குப் படமாக அனுப்ப வேண்டும். என் கணினியில் ஐ7-12700 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. கேபினெட்டின் முகப்பு முழுக்க மூடிய பிளாஸ்டிக். இரண்டு ஓரங்களிலும் விரல் நுழையாத இடுக்குகள், அவ்வளவுதான். முன்னால் இரண்டு 120 மி.மீ. ஃபேன், பின்னால் ஒன்று.

சித்திரை பிறந்ததிலிருந்து ரெண்டர் (கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) ஓடும்போதெல்லாம் பிராசசர் 98 டிகிரியைத் தொடுகிறது. கார்டு 84. அறையில் 35 டிகிரி, ஏசி கிடையாது. வேகம் தானாகக் குறைந்து, மதியம் முடிய வேண்டிய படம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் முடிகிறது.

முகப்பை வெட்டி வலை பொருத்திவிட்டு, மேல்தகட்டிலும் இரண்டு துளை போட்டு ஃபேன் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒட்டிய கட்டடத்தில் நிட்டிங் கம்பெனி இருப்பதால் பஞ்சு எந்நேரமும் பறக்கும். வெட்டச் சொல்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கணபதி பட்டறை:
தாராளமாக வெட்டுங்கள் தம்பி. கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்துகொண்டு தகடு வெட்டப் பயப்படலாமா?

முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட வேண்டும். மதர்போர்டு, பவர் சப்ளை, வயர், எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. "அதை மட்டும் மூடிவிட்டு வெட்டிக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு துணுக்கு இரும்புத்தூள் இரண்டு ஊசிக்கு நடுவே விழுந்தால் போதும், போர்டு போய்விடும்.

தகடு அரை முதல் முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். 120 மி.மீ. ஃபேனின் திருகுத் துளைகள் மையத்துக்கு மையம் 105 மி.மீ. அதை அட்டையில் வரைந்து தகட்டில் ஒட்டி, மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்று வழிக்கு நாலரை அங்குல ஹோல் சா (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) சரியாக இருக்கும். மெல்லிய தகடு என்பதால் பல் மாட்டிக் கிழித்துவிடும். பின்பக்கம் ஒரு பிளைவுட் துண்டை வைத்து இறுக்கிக்கொண்டு, குறைந்த வேகத்தில், எண்ணெய் விட்டு இறக்க வேண்டும். வெட்டியதும் விளிம்பில் கையை வைக்காதீர்கள். அரைவட்ட அரத்தால் பிசிறு எடுத்து, பிரைமர் அடித்து, ரப்பர் விளிம்புப் பட்டி மாட்டினால்தான் வேலை முடிந்த கணக்கு. தூளைப் பொறுக்க ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் தடவுங்கள்.

முகப்பு, மேல்தகடு இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

பவானிக்கரை:
பட்டறைக்காரர் சொன்ன வேலைமுறையில் எனக்குக் குறை இல்லை. அந்த வேலையே தேவையா என்பதுதான் என் கேள்வி.

நான் ஈரோட்டில் இருக்கிறேன். எங்கள் ஊர் வெயிலும் பக்கத்துக் கரூர் பரமத்தி வெயிலும் எப்படிப்பட்டவை என்று சொல்லத் தேவையில்லை. காற்றால் குளிர்விக்கிற எந்த ஏற்பாடும் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. எத்தனை துளை போட்டாலும் உள்ளே வருவது 35 டிகிரிக் காற்றுதான்.

அவர் பிராசசருக்கு அடிப்படை மின்சாரம் 65 வாட், டர்போவில், அதாவது உச்ச வேகத்தில், 180 வாட். அந்த 180-ஐ பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) 125 ஆகக் குறைக்கலாமே. கடைசிக் கொஞ்ச வேகத்துக்காகத்தான் மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது. அழுத்தம் ஏறினால் மின்செலவு அதன் வர்க்கத்துக்கு (ஸ்கொயர்) ஏறும். மேலே இருக்கிற இந்தக் கொழுப்பை வெட்டினால் வேகத்தில் சிறு இழப்பு, வெப்பத்தில் பெரிய இலாபம். பிராசசருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்டும் பழசாகியிருந்தால் மாற்றட்டும். திருப்புளி கூடத் தேவைப்படாத பயாஸ் வேலையை விட்டுவிட்டு எதற்கு ஹோல் சா?

அதோடு, நிட்டிங் கம்பெனிக்குப் பக்கத்தில் வாயை அகலத் திறந்துவைத்தால் பஞ்சும் அகலமாகத்தான் வரும்.

கணபதி பட்டறை:
வேகத்தை விற்றுக் குளிர்ச்சி வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. காசு கொடுத்து வாங்கிய பிராசசர் அது. நாள் முழுக்க ரெண்டர் ஓட்டிப் பிழைக்கிறவருக்குச் சிறு இழப்பும் இழப்புதான்.

நொய்யல்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். திருப்பூரில் கணினி பழுது பார்ப்பது என் வேலை. பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் என்ன இருக்கும் என்று சொல்கிறேன்.

பிராசசர் ஃபேனைக் கழற்றினால் அதற்கும், சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்து கம்பளித் துண்டு போல ஒட்டியிருக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுதாக, சதுரமாக உரிந்து வரும். அதற்குக் கீழே தகடுகள் புதுசாகப் பளபளக்கும், பேஸ்டும் நன்றாகவே இருக்கும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியிருக்கும், காற்று மட்டும் போயிருக்காது. ஆகவே வெட்டுவதா, வாட் குறைப்பதா என்பதற்கு முன்னால், அவிநாசி சாலை தம்பி அந்த ஃபேனைக் கழற்றிப் பார்த்தாரா?

அடுத்தது, பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைத்து அதே ரெண்டரை அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் பெட்டி மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம், வெட்டுவதில் நியாயம் உண்டு. ஓரிரண்டு டிகிரி மட்டும் இறங்கினால் குறை கூலரிலோ பேஸ்டிலோ இருக்கிறது. முகப்பை வெட்டி ஆவது ஒன்றுமில்லை.

கம்ப்ரசர் காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீரையும் முதலில் வடித்துவிடுங்கள்.

பீளமேடு:
நொய்யல் சொன்ன சோதனைக்குப் பின்னால் உள்ள கணக்கு இது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் வேண்டும். ஆகவே பெட்டிக்குள் செலவாகும் வாட்டை மூன்றால் பெருக்கி, மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று போகிறதோ அதால் வகுத்தால், காற்று எவ்வளவு சூடேறுகிறது என்று தெரிந்துவிடும்.

இவருடைய பிராசசர் டர்போவில் 180, கார்டு 170, ஆக 350 வாட். மணிக்கு 85 கன மீட்டர் ஓடினால் 12 டிகிரி ஏறும். மூடிய முகப்பால் அது 40 ஆகச் சுருங்கினால் 26 டிகிரி. அறை 35 என்றால் வெளியேறும் காற்று 61 டிகிரி. 3060-இல் பெரும்பாலான கார்டுகள் தம் வெப்பத்தைப் பெட்டிக்குள்ளேயே கொட்டுகிறவை, அந்தச் சூட்டைத்தான் பிராசசர் கூலர் உறிஞ்சுகிறது.

ஃபேன் அட்டையில் போட்டிருக்கும் காற்றளவு எதிரே தடையே இல்லாதபோது அளந்தது. இடுக்கு வழியாக இழுக்கும்போது அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். பவானிக்கரை சொல்வது போல அறை வெப்பத்துக்குக் கீழே போக முடியாதுதான். ஆனால் இங்கே பேச்சு அறைக்குக் கீழே போவது பற்றியல்ல, அறைக்கு மேலே ஏறும் அந்த 26-ஐ 12 ஆக்குவது பற்றி.

பவானிக்கரை:
அதே கணக்கை என் பக்கமும் போடுங்கள் ஐயா. 180-ஐ 125 ஆக்கினால் 55 வாட் குறைகிறது. மூன்றால் பெருக்கி 40-ஆல் வகுத்தால் காற்றிலேயே 4 டிகிரி இறங்குகிறது. ஹீட்சிங்க்குக்கும் சிப்புக்கும் நடுவே குறைவது அதற்கு மேல். ஒரு பைசா செலவில்லை.

ஆனைமலை அடிவாரம்:
பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைத் தூசுக்கு நடுவே கணினி வைத்திருக்கிறேன். சூடான காற்று மேலே போகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதனால் மேல்தகட்டில் துளை போடுவதுதான் முதல் வேலை. முகப்பைப் பிறகு பார்க்கலாம்.

பீளமேடு:
மேலே போகும், உண்மை. எவ்வளவு விசையோடு போகும் என்பதைப் பாருங்கள். பெட்டியின் உயரம் 45 செ.மீ., உள்ளே 15 டிகிரி கூடுதல் என்றால், அந்த மேல்நோக்கிய அழுத்தம் ஏறக்குறைய கால் பாஸ்கல். சாதாரண 120 மி.மீ. ஃபேன் 15 முதல் 20 பாஸ்கல் வரை தள்ளக் கூடியது. குறைந்தது அறுபது மடங்கு. ஃபேன் எந்தத் திசையில் தள்ளுகிறதோ காற்று அந்தத் திசையில் போகும், கீழ்நோக்கித் தள்ளினாலும் போகும்.

நொய்யல்:
மேல்தகட்டை வெட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கணினியை நிறுத்திய பிறகு இரவெல்லாம் பஞ்சு எங்கே இறங்கும்? மேலே திறந்த துளை வழியாக நேரே கார்டின் மேல்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரிது. மேலே இரண்டு ஃபேன் வெளியே தள்ள, பின்னாலும் ஒன்று தள்ள, முன்னால் இரண்டு மட்டும் இழுத்தால், உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். அப்போது யுஎஸ்பி துளை, கார்டுப் பட்டியின் இடைவெளி, கதவோரம் என்று எல்லா ஓட்டையிலும் காற்று உள்ளே நுழையும், பஞ்சையும் கூட்டிக்கொண்டு. எந்த வலையும் அதைத் தடுக்காது. உள்ளே இழுப்பது கூடுதலாக, வெளியே தள்ளுவது குறைவாக இருந்தால் அந்த ஓட்டைகளில் எல்லாம் காற்று வெளிப்பக்கம் கசியும். பஞ்சு வருகிற வழி முகப்பு ஒன்றுதான், அங்கே வலை போட்டுப் பிடித்துவிடலாம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று இப்போது இருப்பதே நல்ல அமைப்பு. அதைக் கெடுக்காதீர்கள்.

வலைக்குப் பனியன் துணியை மாட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். கையில் கிடைக்கிறது, மாட்டுகிறார்கள். ஒற்றை ஜெர்சித் துணி ஃபேனின் கழுத்தை நெரித்துவிடும். கரூர்க் கொசுவலை வாங்குங்கள். கண் அளவு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பஞ்சு அதில் நின்றுவிடும், காற்று தாராளமாகப் போகும். பொடித்தூசு உள்ளே போகத்தான் செய்யும். அதை எப்போதாவது ஊதிக்கொள்ளலாம்.

அவிநாசி சாலை:
நொய்யல் அக்கா சொன்னபடி பார்த்துவிட்டேன். ஹீட்சிங்க்கில் மெல்லிய படலம்தான் இருந்தது, எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு கதவு மூடியபடி 96. கதவைத் திறந்துவைத்தால் 85, கார்டு 75. பெட்டிதான் மூச்சுத் திணறுகிறது.

பவானிக்கரை:
அப்படியானால் முகப்புப் பிளாஸ்டிக்கைக் கழற்றி அட்டாலியில் போடுங்கள். அது வெறும் கொக்கியில் மாட்டியிருப்பது. இரும்பில் கை வைக்காமலே காற்று வந்துவிடும். இல்லையென்றால் முகப்பே வலையாக இருக்கிற கேபினெட் இப்போது நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வெட்டிய பெட்டியை நாளை யாரும் வாங்க மாட்டார்கள்.

கணபதி பட்டறை:
முகப்பைக் கழற்றிப் போட்டால் பவர் பொத்தானும் யுஎஸ்பியும் எங்கே தொங்கும்? பல பெட்டிகளில் அவை அந்தப் பிளாஸ்டிக்கோடுதான் வருகின்றன. வலையை இழுத்துக் கட்டவும் ஒரு சட்டம் வேண்டும். அந்தப் பிளாஸ்டிக்கின் நடுவை மட்டும் ஜிக் சா ரம்பத்தால் செவ்வகமாக எடுத்துவிட்டால் ஓரமே சட்டமாகிவிடும்.

நல்ல இரும்புப் பெட்டியை முகப்பு சரியில்லை என்பதற்காகத் தூக்கிப்போட்டு இன்னொன்று வாங்கச் சொல்வது வருத்தமாக இருக்கிறது. அரை மணி நேர வேலைக்கு நாலாயிரமா? இந்த ஊரில் பம்பு மோட்டார் முதல் தறி வரை பிரித்து, மாற்றி, மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். விற்பதற்காகவா பெட்டி வைத்திருக்கிறார்? உழைப்பதற்காக வைத்திருக்கிறார்.

மேல்தகடு வேண்டாம் என்ற நொய்யலின் பேச்சை ஏற்கிறேன். ஆனால் பின்பக்கம் வெளியேற்றும் ஃபேனுக்கு முன்னால் தகட்டிலேயே குத்திய தேன்கூட்டுத் துளை இருக்கும். அதில் பாதிப் பரப்பு இரும்பு. அதை வெட்டிவிட்டு வட்டக் கம்பி வலை மாட்டினால் காற்றும் கூடும், இரைச்சலும் குறையும். வெறும் துளையாக விடக் கூடாது, இங்கே பல்லி புகுந்துவிடும்.

நொய்யல்:
பின்பக்கத்தை இப்போது தொட வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் தாராளமாக வெளியேறினால் முன்னால் அதைவிடத் தாராளமாக வர வேண்டும். கொசுவலை பாதி அடைத்துக்கொண்ட ஒரு நாளில் கணக்கு தலைகீழாகிவிடும். முகப்பை முடித்து, ஒரு மாதம் ஓடவிட்டு, பிறகு பார்க்கலாம்.

கணபதி பட்டறை:
வலையைத் துவைக்காமல் விட்டால்தானே அடைக்கும்? நான் அந்தத் துளையை வெட்டத்தான் சொல்வேன்.

அவிநாசி சாலை:
முகப்பு முடிந்தது. பிளாஸ்டிக்கின் நடுவை எடுத்து, ஓரத்தை அரத்தால் தேய்த்து, உள்பக்கம் கொசுவலையைக் காந்தப் பட்டையால் ஒட்டியிருக்கிறேன், இழுத்தால் வந்துவிடும். பட்டறை அண்ணா சொன்னது போலப் பொத்தான் வயர் அதில்தான் இருந்தது, அதைக் கீழ்ப்பக்கம் நகர்த்தினேன். பெட்டியையும் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றிவிட்டேன். அதே ரெண்டர், அறையில் அதே 35, கதவு மூடியபடி பிராசசர் 87, கார்டு 76. வேகம் குறையவில்லை. மேல்தகட்டையும் பின்பக்கத்தையும் தொடவில்லை.

பவானிக்கரை:
87 நல்ல இறக்கம்தான். அறை 35-இல் 87 என்றால், கத்திரி வெயிலில் அறை 40 ஆகும்போது 92. அப்போதாவது பயாஸில் 125 என்று ஒருமுறை போட்டு ஓட்டிப் பார்த்து, நேரம் எவ்வளவு கூடுகிறது என்று இங்கே எழுதுங்கள். அதைப் பார்க்காமல் வேகம் போய்விடும் என்று பட்டறைக்காரர் சொல்வதை நான் ஏற்பதாக இல்லை.

அவிநாசி சாலை:
எழுதுகிறேன் அண்ணா. இந்த வாரம் அனுப்ப வேண்டிய படங்கள் வரிசையில் நிற்கின்றன. அவை போனதும் ஒரே கோப்பை 180-இலும் 125-இலும் ஓட்டி, இரண்டு நேரத்தையும் போடுகிறேன்.