தவான் கதையை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவீங்க?

பிரஸ்ஷாப் முருகு:
நேத்து எங்க கம்பெனியில லீடர்ஷிப் ட்ரெயினிங். மறுபடியும் அதே கதை. 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவுல விழுந்துச்சு. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகைக்காரங்க முன்னாடி தானே போய் உட்கார்ந்து பொறுப்பை ஏத்துக்கிட்டார். 1980 ஜூலை 18 அடுத்த ராக்கெட் ஜெயிச்சதும் பத்திரிகைக்காரங்ககிட்ட பேச ப்ராஜெக்ட் டைரக்டர் கலாமை அனுப்பி வச்சார். உடனே கைதட்டு. இங்கயும் ஓஎம்ஆர் வாசி போன வாரம் "நேர்மையான தலைமைக்கு இதைவிட உதாரணம் கிடையாது"ன்னு எழுதி நாப்பது லைக் வாங்கிட்டார். பாதிக் கதையை ஏன் சார் முழுங்குறீங்க? ஏவுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் ஹோல்ட் போட்டுச்சு, அதாவது ஏவாதேன்னு நிறுத்திடுச்சு. அதை பைபாஸ் பண்ணி மேனுவல்ல ஏவினது கலாம். அவரே பின்னாடி சொன்னது. அப்போ பழியைத் தவான் எடுத்துக்கிட்டது நேர்மையா, மூடி மறைக்கிறதா?

ஓஎம்ஆர் வாசி:
நாப்பது இல்லைங்க ஐயா, முப்பத்தெட்டு. எண்ணிப் பார்க்குற அளவுக்கு மதிக்கிறீங்களே, சந்தோஷம். கலாம் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு ஏவல. கூட இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டு, எரிபொருள் கையிருப்பு போதும்னு சொன்னாங்க. முதல் கட்டம் ஒழுங்காத்தான் போச்சு, ரெண்டாவதுல கோளாறு. அன்னைக்குக் காலையில வெளிய வந்து "இந்தாளுதான்"னு கை காட்டியிருந்தா அதுதான் நேர்மையா?

பிரஸ்ஷாப் முருகு:
கை காட்டச் சொல்லல. ஹோல்ட் போட்டுச்சா இல்லையா?

எச்ஆர் மீனா:
முருகு சார், நேர்மைன்னு நீங்க எதைச் சொல்றீங்கன்னு முதல்ல சொல்லிட்டா பேச வசதியா இருக்கும். பொறுப்பு வேற, தப்பு வேற. ப்ராஜெக்ட் டைரக்டர் நான், தோல்வி என்னுதுன்னு கலாம் வாயாலேயே பல மேடையில சொன்னார். அந்த ஹோல்ட் விஷயம் உங்களுக்குத் தெரியுறதே அவர் சொன்னதாலதான். அன்னைக்கு அவரைத் தனியா நிறுத்தியிருந்தா, சாகுற வரைக்கும் அதை வெளிய சொல்லியிருப்பாரா?

பிரஸ்ஷாப் முருகு:
மேடம் எச்ஆர். விளக்கம் வேணும்னா பிபிடி போடுவாங்க. என் கேள்வி ஹோல்ட் பத்தி.

கொக்கி:
எது எப்படியோ, ஸ்ரீஹரிகோட்டா நம்ம தமிழ்நாட்டுப் பெருமை 🙏

சூளூர்ப்பேட்டை பாசஞ்சர்:
தம்பி, அது ஆந்திரா. பழவேற்காடு ஏரியை ஒட்டின தீவு. 2002-ல இருந்து தளத்துக்கே தவான் பேருதான்.

கொக்கி:
அப்போ முருகு அண்ணன் திட்டுறது தளத்தையா, ஆளையா?

பிரஸ்ஷாப் முருகு:
யாரையும் திட்டல. ஏன் உறைக்குதுன்னு சொல்றேன், கேளுங்க. 2016-ல நான் இருந்த பிரஸ் ஷாப்ல, அதான் தகடு அழுத்துற இடம், லைட் கர்ட்டன் அடிக்கடி ட்ரிப் ஆகும். கை உள்ள போனா மெஷினை நிறுத்துற சென்சார் அது. டார்கெட் போகுதேன்னு சூப்பர்வைசர் ஒரு துண்டு பச்சை ஒயரைப் போட்டு பைபாஸ் பண்ணிட்டார். பேனல் கதவைத் திறந்தா கண்ணுல படும். ஒருநாள் நைட் ஷிப்ட்ல ஒரு பையன் கை உள்ள போயிருச்சு. ரெண்டு விரல்ல தையல். மறுநாள் காலை மீட்டிங்ல ஜிஎம் எழுந்து நின்னு "முழுப் பொறுப்பும் என்னுது"ன்னார். கண்ணு கலங்கிருச்சு, நடிப்பு இல்ல. எல்லாரும் உருகிட்டோம், நானும்தான். மத்தியானம் போய் பேனலைத் திறந்தேன். பச்சை ஒயர் அங்கேயே இருக்கு. அடுத்த மாசமும் இருந்துச்சு. அதனாலதான் எவனாவது பொறுப்பு எடுத்துக்கிட்டான்னு சொன்னா, ஹோல்டை யார் எடுத்ததுன்னு கேக்குறேன்.

ஓஎம்ஆர் வாசி:
இஸ்ரோவுல ஒயரைப் பிடுங்கினாங்க ஐயா! ஆய்வு பண்ணி, ரெண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்புல வால்வு கசிஞ்சு நைட்ரிக் அமிலம் போயிருச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. ஒரு வருஷத்துக்குள்ள சரி பண்ணி ரோகிணி செயற்கைக்கோளை மேல அனுப்பினாங்க. அந்த ஒரு வருஷக் கெடுவையும் தவானே பத்திரிகைக்காரங்க முன்னாடி சொல்லிட்டுத்தான் எழுந்தார். உங்க ஜிஎம் தேதி சொன்னாரா?

பிரஸ்ஷாப் முருகு:
வால்வுக்குப் போயிட்டீங்க பார்த்தீங்களா. நான் ஹோல்டைக் கேட்டேன். தவான் அப்போ பெங்களூர் ஐஐஎஸ்சி, அதாவது இந்திய அறிவியல் கழகத்தோட டைரக்டரும்கூட. ரெண்டு நாற்காலி. தளத்துல நின்னு முடிவு எடுத்தவர் அவர் இல்லையே.

ஓஎம்ஆர் வாசி:
ரெண்டு நாற்காலி இருந்தா பொய்யா? அப்ரைசல் திரியில எங்களை "ஏசியில உட்கார்ந்து மெயில் தட்டுறவனுங்க"ன்னு எழுதினது நீங்கதானே? எனக்கு மறக்கல. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தப்போ கிளையண்ட் காலில் "என் டீம் தப்பு, என் தப்பு"ன்னு நான் சொல்லியிருக்கேன். தப்பான கமாண்டை ரன் பண்ணின பொண்ணு பேரைக் கடைசி வரைக்கும் சொல்லல.

பிரஸ்ஷாப் முருகு:
"என் டீம் தப்பு"ன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் "என் தப்பு". வரிசை நல்லாயிருக்கு தம்பி.

ஓஎம்ஆர் வாசி:
உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

சூளூர்ப்பேட்டை பாசஞ்சர்:
ஏவுதளம் பார்க்கணும்னா சென்ட்ரல்ல இருந்து லோக்கல் ட்ரெயின் இருக்கு, யாராச்சும் வரீங்களா? முன்கூட்டியே பதிவு பண்ணணும்.

எச்ஆர் மீனா:
முருகு சார், ஒண்ணே ஒண்ணு. அந்தப் பேனலை நீங்கதான் திறந்தீங்க. பச்சை ஒயரைப் பார்த்தீங்க. அடுத்த மாசமும் பார்த்தீங்க. நீங்க ஏன் பிடுங்கல?

கொக்கி:
😶

பிரஸ்ஷாப் முருகு:
அது மெயின்டனன்ஸ் வேலை. நான் கை வச்சா மெமோ குடுப்பான். உங்களுக்கு ஷாப் ஃப்ளோர் தெரியாது.

எச்ஆர் மீனா:
சரி. ஜிஎம்-கிட்ட சொன்னீங்களா?

பிரஸ்ஷாப் முருகு:
திரி என்னைப் பத்தினது இல்ல மேடம். காலையில ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஆறு மணிக்கு உள்ள இருக்கணும். சாயந்தரம் வந்து பார்ப்பேன். ஹோல்ட் போட்டுச்சா இல்லையா, அதுக்கு யாராவது பதில் எழுதி வைங்க.