தாத்தா வீட்டுக் குழு: சக்திமானை எங்கே நிறுத்துவது

18 நவம்பர் 2025, செவ்வாய்

செல்வம் அண்ணா, காலை 7:04
மனைக்காரர் நேற்று ராத்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். 30-ஆம் தேதிக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டுமாம். கடக்கால் தோண்டப் போகிறார்.

அம்மா
எந்த வண்டி?

செல்வம் அண்ணா
வேறு எது சித்தி. தாத்தாவின் பழைய ராணுவ லாரி, சக்திமான்தான்.

செல்வம் அண்ணா
புதுப்பேட்டையில் தெரிந்த பழைய இரும்புக்காரருக்குப் படம் அனுப்பினேன். ஒன்றே முக்கால் லட்சம் சொல்கிறார். அவரே ஆள் கொண்டுவந்து வெட்டி எடுத்துக்கொள்வார்.

நான்
வெட்டியா?

செல்வம் அண்ணா
கேஸ் கட்டர் வைத்துத்தான் பிரியா. அந்தச் சேசிஸை அப்படியே யார் தூக்குவது.

மாலதி அத்தை
திவசத்துக்கு முன்னாலா, பின்னாலா?

செல்வம் அண்ணா
26-க்கு அப்புறம்தான் அத்தை. அப்பா முதல் வருஷ திவசம் முடியட்டும்.

அத்தை, தாத்தா என்று எழுத வந்து அப்பா என்று எழுதிவிட்டேன்.

சுமதி அக்கா
வாயைக் கழுவு முதலில்.

மாலதி அத்தை
சமையலுக்கு 40 பேர் என்று சொல்லியிருக்கிறேன். கூடினால் இன்றைக்கே சொல்லுங்கள்.

தினேஷ், 7:31
_பலமுறை பகிரப்பட்டது_
அவசரச் செய்தி!! 15 ஆண்டு ஆன டீசல் வண்டிகள் எல்லாம் அடுத்த மாதம் முதல் பறிமுதல். தெருவில் நின்றாலும் தூக்கிவிடுவார்கள். அனைவருக்கும் பகிரவும்.

அம்மா
ஐயோ, அப்பாவின் கார்?

பாபு சித்தப்பா, 7:40
தினேஷ், இதை அனுப்புவதற்கு முன் பக்கத்து அறையில் இருக்கும் என்னைக் கேட்டிருக்கலாம். டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற கணக்கு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் வந்தது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. சொந்த வண்டி என்றால் 15 ஆண்டு முடிந்ததும் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். வாடகை, சரக்கு வண்டி என்றால் பழையதானால் வருஷா வருஷம் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி. அண்ணி, கார் எங்கேயும் போகாது, பயப்படாதீர்கள்.

அம்மா
சரி தம்பி 🙏

பாபு சித்தப்பா
நம் சக்திமானின் பிரச்சினை வயது இல்லை. எஞ்சின் எண். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எண், வண்டியில் வேறு எண். 2017-இல் எஃப்.சி.க்குப் போனபோது அதனால்தான் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரி. எஞ்சினை மாற்றுவதற்கு முன்பே அனுமதி வாங்கி, மாற்றியதும் புத்தகத்தில் ஏற்றியிருக்க வேண்டும். 2009-இல் நாம் செய்யவில்லை. அதில் என் பங்கும் இருக்கிறது.

செல்வம் அண்ணா
இதைத்தான் சித்தப்பா நானும் சொல்கிறேன். பேப்பர் இல்லாத வண்டியை யார் வாங்குவார்? இரும்பு விலைக்குத்தான் போகும்.

நான்
தாத்தா வண்டியை இரும்பு விலைக்கா?

செல்வம் அண்ணா
எனக்கு மட்டும் ஆசையா? எட்டு வருஷமாக அந்த இடத்துக்கு வாடகை கொடுப்பது நான்.

அப்பா
பாதி நான் கொடுத்தேன்.

செல்வம் அண்ணா
2021 வரை, சித்தப்பா.

மாலதி அத்தை
காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்.

பாபு சித்தப்பா, 8:15
வெட்டுவது என்று முடிவானால் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. ஆனால் எதை வெட்டுகிறோம் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்து லாரி இது. உரிமம் வாங்கி 1959-இல் ஜபல்பூரில், பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன். பிறகு 1969-இல் அங்கேயே வாகனங்களுக்கென்று தனித் தொழிற்சாலை வந்தது. 1996 வரை செய்தார்கள். அதன் இடத்துக்கு வந்த ஸ்டாலியன் நம் எண்ணூர் லேலண்டுடையது. 1971-இல் அப்பா ராஜஸ்தான் மணலில் ஓட்டியது சக்திமான். ஓய்வு பெற்று வந்து, 1998-இல் ராணுவ ஏலத்தில் அதே மாதிரி ஒன்றை எடுத்தார். பின்னால் கிரேன் ஏற்றி, கவிழ்ந்த லாரிகளைத் தூக்கித்தான் மூன்று பிள்ளைகளையும் மாலதியையும் கரை சேர்த்தார்.

தினேஷ்
தாத்தா போருக்குப் போனாரா? 😮

மாலதி அத்தை
என் கல்யாணக் கடனை அடைத்தது அந்த வண்டிதான். அதை மறக்க மாட்டேன்.

சுமதி அக்கா
ஏன் எஞ்சினை மாற்றினார்கள்? நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன்.

பாபு சித்தப்பா, 8:42
தண்ணீர். வருஷக்கணக்காக ரேடியேட்டரில் போர் தண்ணீரையே ஊற்றினோம், கூலன்ட் கலக்கவில்லை. மாதவரம் போர் தண்ணீர் எப்படி என்று உங்கள் வீட்டுக் குழாய்களைப் பார்த்தாலே தெரியும். உள்ளே துருவும் உப்பும் அடைத்து, சூடேறி, சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட் விரிசல் விட்டது. புது ஹெட் எங்கேயும் கிடைக்கவில்லை. அப்புறம் புதுப்பேட்டையில் டாடா 697 எடுத்தோம். 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் உள் விட்டம் 97 மில்லிமீட்டர், அதுதான் அந்தப் பெயர். பம்பு, டீசல் தெளிக்கும் நாசில், லைனர் எல்லாம் எந்த ஊரிலும் கிடைக்கும்.

ஆனால் அந்த எஞ்சினின் வாயும் நம் கியர் பாக்ஸின் வாயும் வேறு வேறு. நடுவில் ஒரு தடித்த இரும்புத் தட்டு வைத்து இணைக்க வேண்டும். அம்பத்தூரில் லேத்தில் கடைந்தோம். அந்தத் தட்டின் மையம் மயிரிழை தள்ளினாலும் கிளட்ச் சீராக விடாது, கியர் பாக்ஸின் முன் பேரிங் சில மாதங்களில் போய்விடும். ஃப்ளைவீலில் மயிரிழை அசைவையும் காட்டும் டயல் கேஜைப் பூட்டி, முள்ளை வாயின் விளிம்பில் வைத்து, நான் கையால் மெல்லச் சுற்றினேன். அப்பா தரையில் குந்தி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஆடினாலும் "இன்னும் தட்டு" என்பார். சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு, மறுபடி ஒரு சுற்று. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கினோம். முள் அசையாமல் நின்றபோது ராத்திரி பதினொன்று. அந்தத் தட்டில் இன்றுவரை ஒரு குறை வந்ததில்லை.

செல்வம் அண்ணா
அது உண்மை. கியர் பாக்ஸில் நான் கை வைத்ததே இல்லை.

அம்மா
யாராவது மாவு மெஷின் பக்கம் போகிறீர்களா? பாட்டிக்கு அரிசி மாவு தீர்ந்துவிட்டது.

தினேஷ்
நான் வாங்கி வருகிறேன் பெரியம்மா.

நான், 9:10
செல்வம் அண்ணா, 2015 டிசம்பரில் நாங்கள் முடிச்சூரில் மொட்டை மாடியில் ஒரு ராத்திரி முழுக்க இருந்தோம். கீழே அலமாரிகள் மிதந்தன. மறுநாள் மத்தியானம் தூரத்தில் ஒரு டீசல் சத்தம் கேட்டது. அப்பாதான் முதலில், "அது நம்ம வண்டி" என்றார். தாத்தா பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். தாத்தா கழுத்தில் ஃபேன் பெல்ட்டை மாலை மாதிரி போட்டிருந்தார். எனக்கு அப்போது ஏன் என்று புரியவில்லை.

செல்வம் அண்ணா
பெருங்களத்தூரில் தண்ணீரைப் பார்த்ததும் கழற்றினார். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி இறைக்கும், இலை வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும் என்றார்.

பாபு சித்தப்பா
டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். அதனால் நனைந்தாலும் நிற்காது. காற்று இழுக்கும் வழியில் மட்டும் தண்ணீர் போகக் கூடாது. போனால் சிலிண்டரில் தண்ணீர் அமுங்காமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அதற்காகத்தான் அப்பா ஏர் கிளீனர் குழாயைக் கேபின் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்.

அப்பா
எங்கள் தெருவில் 23 பேரை ஏற்றினார். மூன்று நடை.

நான்
2023-இல் மிக்ஜாம் வந்தபோது மறுபடியும் முடிச்சூரில் தண்ணீர். நான் தாத்தாவுக்கு போன் செய்தேன். "வண்டி எழுந்திருக்காது கண்ணு" என்றார். அப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. அதை என்னால் மறக்க முடியவில்லை.

சுமதி அக்கா
😔

பாபு சித்தப்பா, 9:34
அன்றைக்கு எழுந்திருக்காமல் போனதற்கு விதை 2015-லேயே விழுந்துவிட்டது. அவ்வளவு ஆழத்தில் ஓடிய வண்டியை வந்த வாரமே பிரித்திருக்க வேண்டும். அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் ஏறும். ஆயில் காபி நிறத்தில் வெளுத்துப்போகும். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் கிரீஸும் கரையும். எல்லா ஆயிலையும் இறக்கு, நான்கு ஹப்பையும் திற என்று அந்த வாரமே நான் சொன்னேன். செய்யவில்லை. 2016-இல் செங்குன்றம் ரோட்டில் முன் ஹப் பேரிங் தீய்ந்து சக்கரம் சாய்ந்தது.

பெரியப்பா, 9:41
அந்த மாசம் சுமதி கல்யாணம்.

பெரியப்பா
கையில் பணம் இல்லை.

சுமதி அக்கா
அப்பா, அதை எதற்கு இப்போது

பாபு சித்தப்பா
அண்ணா, எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் நானே ஆயில் வாங்கி வந்திருப்பேன்.

பெரியப்பா
உன்னிடம் கேட்கவா.

மாலதி அத்தை
போதும். இரண்டு பேரும்.

மாலதி அத்தை, 10:05
எங்கள் ஊத்துக்கோட்டைத் தோப்பில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தலாமா? மாமாவிடம் கேட்க வேண்டும். அவர் திருத்தணி போயிருக்கிறார்.

நான்
அத்தை!! ❤️

செல்வம் அண்ணா
எப்படிக் கொண்டு போவது? எஃப்.சி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. ரோட்டில் ஓட்ட முடியாது.

பாபு சித்தப்பா
லோபெட்டில், அதாவது தாழ்வான டிரெய்லரில் ஏற்றித்தான். செங்குன்றம், பெரியபாளையம் வழி. கட்டி இழுக்கவே வேண்டாம்.

செல்வம் அண்ணா
லோபெட் வாடகை யார் கொடுப்பது?

அப்பா
நான் கொடுக்கிறேன்.

செல்வம் அண்ணா
முழுசுமா?

அப்பா
பார்ப்போம்.

தினேஷ்
அக்கா, வண்டி ஸ்டார்ட் ஆனால் அதுவே லோபெட்டில் ஏறிவிடும் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமா?

பாபு சித்தப்பா, 10:22
பார்க்கலாம், ஆனால் யாரும் போனவுடன் செல்ஃப் அடிக்கக் கூடாது. எட்டு வருஷம் நின்ற எஞ்சின். முதலில் எஞ்சின் ஆயிலை மாற்ற வேண்டும். டேங்கின் அடியில் தண்ணீரும் துருவும் இருக்கும், பழைய டீசலை முழுக்க இறக்கிவிட்டு ஃபில்டர் புதுசு. நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு கரண்டி ஆயில் விட்டு, முன் புல்லியைக் கம்பி போட்டுக் கையால் சுற்ற வேண்டும். முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால்தான் மேற்கொண்டு. பிறகு நாசிலைப் பூட்டி, ஃபீட் பம்பைக் கையால் அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும்.

முக்கியமானது இதுதான். நாசில்களுக்கு டீசல் அனுப்பும் பம்பின் உள்ளே ரேக் என்று ஒரு பல் கம்பி இருக்கிறது. டீசலைக் கூட்டுவதும் குறைப்பதும் அது. நின்ற வண்டியில் பிசின் பிடித்து, அது திறந்த நிலையில் இறுகியிருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் ஆனால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதனால் பக்க மூடியைத் திறந்து ரேக் விரலுக்கு இளகுகிறதா என்று பார்த்த பிறகுதான் செல்ஃப். அப்போதும் தினேஷ் ஒரு பலகையுடன் காற்றுக் குழாய் பக்கம் நிற்க வேண்டும். நான் கை காட்டினால் வாயை மூடு, காற்று இல்லாமல் அணைந்துவிடும். கையால் மூடாதே, பலகை.

தினேஷ்
சரிப்பா. பலகை.

பாபு சித்தப்பா
கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கும், அதைப் பிறகு பார்ப்போம். 24 வோல்ட் வண்டி, இரண்டு பேட்டரி வேண்டும். இரண்டும் ஒரே வயது, ஒரே அளவு.

செல்வம் அண்ணா
என் டவேராவில் ஒன்றுதான் இருக்கிறது.

பாபு சித்தப்பா
முன்பு ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து டேப் ரெக்கார்டர் மாட்டியது யார் செல்வம்? அந்தப் பக்கத்துப் பேட்டரி மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை செத்தது.

செல்வம் அண்ணா
எனக்கு அப்போது 17 வயது சித்தப்பா 🙏

சுமதி அக்கா
பாட்டு நன்றாக இருக்கும் ஆனால். செங்குன்றம் ஏரி வழியாகப் போவோம்.

நான்
பேட்டரி இரண்டும் நான் வாடகைக்கு எடுத்து வருகிறேன். அண்ணா, புதுப்பேட்டை ஆளிடம் இந்த வாரம் மட்டும் பேச வேண்டாம், சரியா?

செல்வம் அண்ணா
ஞாயிறு வரை பேசவில்லை. எழுந்திருக்கவில்லை என்றால் திங்கள் பேசுவேன்.

நான்
எழுந்திருக்கவில்லை என்றாலும் தோப்புக்குப் போகலாமே. பழைய எஞ்சின் பெரியப்பா கொட்டகையில்தானே இருக்கிறது? அந்த ஹெட்டைச் சரி செய்து, அதையே மாட்டினால் ஆர்.சி. எண்ணும் பொருந்திவிடுமே சித்தப்பா?

பாபு சித்தப்பா, 10:48
பொருந்தும். விரிசலுக்கு வெல்டிங் வைக்காமல், வரிசையாகத் துளையிட்டு மரையாணி இறக்கித் தைக்கும் முறை ஒன்று இருக்கிறது. பிளாக் துருப்பிடிக்காமல் இருந்தால் செய்யலாம். அண்ணாதான் சொல்ல வேண்டும்.

மாலதி அத்தை
பெரிய அண்ணா?

மாலதி அத்தை
இரண்டு டிக் நீலமாகிவிட்டது.

பெரியப்பா, 11:20
வருஷத்துக்கு ஒரு தரம் தார்ப்பாயைப் பிரித்து ஆயில் தடவுகிறேன். துரு இல்லை.

நான்
பெரியப்பா 🙏🙏

பாபு சித்தப்பா
அண்ணா, இதை ஏன் சொல்லவே இல்லை?

மாலதி அத்தை
மாமா போன் எடுக்கவில்லை. சாயங்காலம் கேட்கிறேன். ஆர்.சி. புத்தகம் யாரிடம்?

செல்வம் அண்ணா
தாத்தா டிரங்க் பெட்டியில் இருக்கும்.

அம்மா
டிரங்க் பெட்டிச் சாவி?

பாபு சித்தப்பா
ஞாயிறு காலை எட்டு மணி. வெயிலுக்கு முன் ஆயில் வேலை முடியட்டும்.

பெரியப்பா
எட்டுக்கு முடியாது. ஒன்பது.